பலூன் சிகிச்சை செய்த கால் எத்தனை நாள் தாங்கும்?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே கூடுகையில், பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாயார் எழுந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஐயா, செங்கல் சூளைக் காவல்காரப் பெரியவருக்கு நாங்கள் காணிக்கை சேர்த்துத்தானே காலில் பலூன் வைத்தீர்கள்? பூரண சுகம் என்று பத்திரிகையிலும் போட்டீர்கள். இப்போது மறுபடியும் அவருக்கே உதவி கேட்கிறீர்களே, முதலில் கொடுத்தது வீணாய்ப் போயிற்றா?"

நியாயமான கேள்வி. அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்லக்கூடவில்லை. அதன்பின் எங்கள் மருத்துவர்களோடு உட்கார்ந்து கேட்டறிந்ததை இன்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, இந்த வியாதி என்ன? காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிப்போகிறது. புகைபிடித்தல், சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, முதுமை ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். அது முற்றினால் இராத்திரியில் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். நோயாளி காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு விடியுமட்டும் உட்கார்ந்திருப்பார். பின்பு ஆறாத புண், கறுத்த விரல், முடிவில் காலையே எடுக்கவேண்டிய நிலை.

இதற்கான ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை பிறந்த கதையைச் சொல்லுகிறோம். 1964 ஜனவரியில், அமெரிக்காவிலுள்ள போர்ட்லண்ட் நகரில், 82 வயதான ஒரு மூதாட்டி விரல்கள் அழுகிய நிலையில் மருத்துவமனையில் கிடந்தார். காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. டாக்டர் சார்லஸ் டாட்டர் என்பவர் ஒரு மெல்லிய கம்பியை இரத்தக்குழாய்க்குள் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழல்களை ஏற்றி, தொடையில் இருந்த அடைப்பை விரித்துவிட்டார். குளிர்ந்து கிடந்த பாதம் சூடாயிற்று, வலி நீங்கிற்று. 1974ல் சூரிக் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதே வேலைக்குப் பலூனைக் கொண்டுவந்தார். 1977ல் அதையே இருதயக் குழாய்க்கும் செய்தார். ஆகவே பலூன் முதலில் வந்தது காலுக்கு. இருதயத்துக்கு அது பின்புதான் போயிற்று.

அந்த மூதாட்டி சுமார் இரண்டரை ஆண்டுகள் தம் சொந்தக் கால்களிலேயே நடந்து, பின்பு வேறொரு வியாதியினால் மரித்தார். அதுவரை அவர் காலை எடுக்கவேண்டியிருக்கவில்லை.

"பலூன் வைத்தார்கள்" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லுகிறோம். உண்மையில் பலூன் உள்ளே தங்குவதில்லை. அடைப்புள்ள இடத்தில் அதை ஊதி, வழியை விரித்து, வெளியே எடுத்துவிடுவார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்னும் கம்பி வலைக் குழலை மட்டும் உள்ளே விட்டுவைப்பார்கள். விரியும்போது குழாயின் சுவர் சற்றே கீறப்படுகிறது. கீறின இடம் ஆறும்போது தழும்புத் திசு உட்புறமாய் வளர்ந்து, வழி மறுபடியும் குறுகலாம். மருத்துவர் நன்றாய்ச் செய்திருந்தாலும் இது நேரிடும்.

எத்தனை நாள் தாங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. இடுப்புப் பகுதியிலுள்ள பெரிய குழாயானால், ஐந்து ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலோருக்குத் திறந்தே இருக்கிறது. தொடைக் குழாய் நீளமானது. நாம் உட்கார எழும்ப வளைந்து முறுக்கிக்கொள்வது. வெறும் பலூன் மாத்திரம் செய்தால், ஓராண்டுக்குள்ளேயே பலருக்குத் திரும்பக் குறுகுகிறது. ஸ்டென்டும் மருந்து பூசிய பலூனும் இந்த நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே உள்ளவை மிகச் சிறிய குழாய்கள். அங்கே சில மாதங்களிலேயே குறுகல் திரும்பிவிடுவதுண்டு.

அப்படியானால் செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள். புண் ஆறுவதற்கு அதிக இரத்தம் வேண்டும். ஆறின தோலைக் காப்பாற்றக் குறைந்த இரத்தம் போதும். அந்தச் சில மாதங்களுக்குள் புண் மூடிவிட்டால், பின்பு குழாய் ஓரளவு குறுகினாலும் பல வேளைகளில் கால் நிலைத்துவிடுகிறது.

பலூனா, பைபாஸ் அறுவையா என்ற கேள்வியையும் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 452 கடும் நோயாளிகளை வைத்துச் செய்து 2005ல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாய் இருந்தன. அதற்கு மேலும் உயிரோடிருந்தவர்களுக்குப் பைபாஸ் செய்தது நன்மையாய் இருந்தது. 1,830 பேரைச் சேர்த்து 2022ல் வெளியான மற்றோர் ஆய்வில், காலில் நல்ல சிரைநரம்பு உள்ளவர்களுக்குப் பைபாஸ் மேலானதாகக் கண்டார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம் செய்து 2023ல் வெளியான ஆய்வில், முதலில் பலூன் செய்தவர்களே மேலாய் இருந்தார்கள். அவர்களில் மரணங்கள் குறைவு என்பதே அதற்குப் பெரிய காரணம். ஆகையால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒருவருக்குப் பலூனும் மற்றவருக்குப் பைபாஸும் என்று மருத்துவர் பிரித்துச் சொன்னால், பட்சபாதம் என்று எண்ணாதீர்கள்.

இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காலில் அடைப்பு உள்ளவருக்கு இருதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் அடைப்பு இருக்கக்கூடும். நடந்தால் மட்டும் வலி வருகிற நிலையிலுள்ளவர்களில், ஐந்து ஆண்டுகளில் காலை இழப்பவர்கள் நூற்றுக்கு வெகு சிலரே. மாரடைப்பினாலும் பக்கவாதத்தினாலும் அடிபடுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். குழாயின் ஓர் இடத்தைத்தான் பலூன் திறக்கிறது. சரீரம் முழுவதிலுமுள்ள வியாதியை மாத்திரையும், பீடியை விடுவதும், சர்க்கரையையும் கொதிப்பையும் அடக்குவதுமே தடுத்து நிறுத்தவேண்டும்.

இப்போது காவல்காரப் பெரியவரிடம் வருவோம். பலூன் செய்தபின் அவருடைய புண் ஆறியது. படம் எடுத்தோம், பத்திரிகையில் போட்டோம், ஸ்தோத்திரம் செலுத்தினோம். அதோடு அவரை விட்டுவிட்டோம். பதினான்கு மாதம் கழித்து, கறுத்த விரலோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம்.

"சீட்டுல எழுதிக் கொடுத்தது ரெண்டு மாசம் வாங்கினேன் ஐயா. அப்புறம் கையில காசு இல்ல. கால்தான் சரியாப்போச்சேன்னு விட்டுட்டேன்."

"பீடி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்களும் தலையைக் குனியவேண்டியதாயிற்று. மாத்திரை வாங்க அவரிடம் பணம் உண்டா என்று எங்களில் ஒருவராகிலும் கேட்கவில்லை. பூரண சுகம் என்று நாங்கள் அச்சிட்டதை அவரும் நம்பிவிட்டார்.

இரண்டாந்தரம் பலூனும் ஸ்டென்டும் செய்யவேண்டியதாயிற்று. ஒரு விரல் போயிற்று, பாதம் தப்பியது. இன்று அவர் மாதம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப்போகிறார். பீடியை விட்டு ஏழு மாதமாகிறது. வலி வருமட்டும் நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியை வாரத்தில் நான்கு நாள் செய்கிறார். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்பித்த பாடம் சர்க்கரை வியாதிக்காரருக்கும் பொருந்துகிறது. மெத்தென்ற ரப்பர் செருப்பும், தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் ஒரு காலைக் காப்பாற்றும்.

அம்மா, நீங்கள் கொடுத்தது வீணாகவில்லை. பதினான்கு மாதம் அவர் அந்தக் காலில் நடந்து, தம் வீட்டுக்கு அரிசி வாங்கிப்போட்டார். குறைவு எங்களிடத்தில்தான் இருந்தது. சிகிச்சைக்குப் பணம் கேட்டோம்; அதற்குப் பின்வரும் வருஷங்களுக்குக் கேட்கவில்லை. அலங்கார வாசலில் பேதுருவும் யோவானும் கண்ட மனிதன் ஒரே நாளில் குதித்து எழுந்து நடந்தான். எங்கள் வார்டில் உள்ளவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் எழும்பி நடக்கத் துணை தேவையாயிருக்கிறது.

ஆகவே இவ்வாண்டு முதல், பலூன் சிகிச்சைக்கு உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் மாத்திரை, செருப்பு, பஸ் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தே உங்களிடம் கேட்போம். பத்திரிகையில் "பூரண சுகம்" என்று இனி எழுதமாட்டோம். எத்தனை மாதமாய் நடக்கிறார் என்று எழுதுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் தகப்பனார், தாயாரின் பாதங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கிறதா, புண் உண்டா, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தாமதிக்காமல் அழைத்துவாருங்கள். விரல் கறுக்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

ஆண்டவர் உங்கள் வீடுகளையும், உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.