வேலையைத் தடுப்பது சனியா, மனிதனா?

(பொழிச்சலூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஊருக்கு வெளியூர் ஜனங்கள் எதற்கு வருகிறார்கள் என்றால், தொழில் செய்ய வருகிறார்கள் என்று யாரும் சொல்லுவதில்லை. சனி தோஷம் கழிக்க வருகிறார்கள் என்றுதான் சொல்லுகிறார்கள். அகத்தீஸ்வரர் கோயிலுக்கு "வட திருநள்ளாறு" என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஆனால் இவ்வூர் வாலிபர்களோ பிழைப்புக்காக விடிந்ததும் வெளியூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். வெளியூரானுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் சனீஸ்வரன், பக்கத்துத் தெருக்காரனைக் கவனிக்காத மர்மம் என்ன?

கூட்டத்திற்கு வரும் வழியில், டீக்கடையில் ஒரு வாலிபரைக் கண்டேன். பிட்டர் வேலை படித்தவர். "இரண்டு வருஷமாய் வேலையில்லைங்க, எனக்கு ஏழரை நடக்குது" என்றார். தோழர்களே! கணக்குப் பாருங்கள். ராசி பன்னிரண்டு. ஏழரைச் சனி எந்தக் காலத்திலும் மூன்று ராசிக்கு உண்டு என்பது சோதிடன் சொல்லும் கணக்கே. அப்படியானால் உலகத்தில் நாலில் ஒருவனுக்கு எப்போதும் ஏழரைதான்! சூரியனுக்குச் சுமார் 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துச் சுற்றும் கோளுக்கு, இந்த வாலிபர் பிட்டரா தச்சரா என்பது எப்படித் தெரியும்?

நிற்க. வேலை எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். பக்கத்து அனகாபுத்தூர் நெசவாளிகள் மதராஸ் கைக்குட்டைத் துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிப் பிழைத்தார்கள். 1970-களில் அந்நாட்டு அரசாங்கம் துணி இறக்குமதியைத் தடுத்தது. இங்கே தறிகள் ஓய்ந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. கம்பெனி கைமாறியபோது வரித் தகராறினால் இந்த ஆலை விற்பனையில் சேராமல் நின்றது; பிறகு ஒப்பந்தமும் முடிந்தது. ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் தெருவுக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ராசியா?

வேலை எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984-இல் வந்தது, மத்திய அரசாங்கம் உத்தரவு போட்டதால். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி 1949-இல் வந்தது, சி. ராஜம் என்பவர் தம் மாளிகையை விற்ற பணத்தைப் போட்டதால். அங்கே விமானத் தொழில் படித்தவர்தான் அப்துல் கலாம். அந்தப் பணத்தை அவர் ஒரு கோபுரத்தில் போட்டிருந்தால் புறாக்கள்தான் குடியேறியிருக்கும்!

ஆகவே, கெடுப்பவனும் மனிதன், கொடுப்பவனும் மனிதன். மனிதனைக் கேட்க வேண்டியதைக் கிரகத்தைக் கேட்பதனால் யாருக்கு லாபம்? கேட்கப்பட வேண்டியவன் தப்பித்துக் கொள்ளுகிறான். அவனுக்குச் சனியைப் போல உற்ற நண்பன் வேறில்லை.

ஆனால் எந்தத் தொழிலானாலும் வரட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பம்மல், நாகல்கேணி தோல் ஷெட்டுகள் பலருக்குச் சோறு போட்டன. கிணற்று நீரையும் கெடுத்தன. கூலியும் வேண்டும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று கேட்பதுதான் சுயமரியாதை.

தாய்மார்களே! எள் விளக்குக்குச் செலவாகும் காசை ஒரு வருஷம் சேர்த்து வையுங்கள். அதில் ஒரு படிப்பகமும், வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் ஒரு சிறு தொழிற்பயிற்சிக் கூடமும் துவக்குங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "எங்கள் பிள்ளைகளுக்கு என்ன தொழில், எப்போது, எந்த இடத்தில்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் சொல்லாவிட்டால் மறுபடி கேளுங்கள். சனி பெயர்ச்சிக்கு இரண்டரை வருஷம் பொறுமையாய்க் காத்திருக்கிற நமக்கு, நாலு மனிதரை நாலு தடவை கேட்கவா பொறுமை இருக்காது?