ஆராய்ச்சி மணியும் பாஞ்சாலியின் கேள்வியும்



சிறார் இலக்கியம் பிள்ளைகள் மனத்தில் நீதியையும் மக்களாட்சியையும் எப்படிப் பதிக்கிறது என்பது இந்த உரைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். நீதி வழங்கும் அரசர்களின் கதையை நாம் பிள்ளைகளுக்கு நிறையவே சொல்லிவிட்டோம். நீதி கேட்டு எழுந்து நிற்பவரின் கதையை அந்த அளவுக்குச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மனுநீதிச் சோழன் கதை தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறக்கிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். அப்பா, அம்மா இருவரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். "மணி எவ்வளவு ஒசரத்துல இருந்துச்சுங்க சார்? எங்குளுக்கு எட்டுமுங்களா?" என்று கேட்டாள். மன்னன் நல்லவன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கயிறு யார் கைக்கு எட்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அரசியல் சாசனம் எழுதியவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து விவாதித்ததில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

இந்தக் கதை ஏட்டோடு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சியர் கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் முகாமுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'மனுநீதி நாள்'தான். அங்கே வரிசையில் நின்று கும்பிட்டு மனு கொடுக்கும் அப்பாவைப் பிள்ளை பார்க்கிறது, படித்த கதையோடு அது பொருந்திவிடுகிறது. ஆனால் அதே ஊரில் குடியரசு தினத்தன்றும், மே தினத்தன்றும், சுதந்திர தினத்தன்றும், காந்தி ஜெயந்தியன்றும் கிராம சபை கூடுகிறது. 73ஆவது சட்டத் திருத்தம் தந்த உரிமை அது. வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம், கையைத் தூக்கி மறுக்கலாம். அந்தக் கூட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும்படி ஒரு கதை உண்டா? நானறிந்து பாடப்புத்தகத்துப் பத்திகள்தாம் உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கதை முடிந்ததும் கட்டம் கட்டி 'இக்கதை தரும் நீதி' என்று அச்சிட்டுவிடுகிறோம். யார் சரி, யார் தவறு என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. பத்து வயதுவரை பிறர் தீர்ப்பையே மனப்பாடம் செய்த பிள்ளை, பதினெட்டு வயதில் வாக்குச்சாவடியில் திடீரென்று தானாக யோசிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பழங்கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றிலேயே கேள்வி இருக்கிறது. திரௌபதியம்மன் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்த ஊர்கள் நம்முடையவை. சூதில் தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்கும்போது, கற்றறிந்த அவை வாய்மூடி இருக்கிறது. கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசுகிறான், அவனையும் கர்ணன் அடக்கிவிடுகிறான். சட்டம் தெரிந்தவர்கள் மௌனம் காத்தால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்கு எந்தக் குடிமையியல் பாடம் சொல்லும்?

சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்து, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய இராஜாஜிதான் 'வியாசர் விருந்து' எழுதி அந்தக் காட்சியைப் பல தலைமுறைச் சிறுவர்களுக்குக் கொண்டுசேர்த்தார். அதே இராஜாஜி 1953இல் முதலமைச்சராக இருந்து, கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வித் திட்டம் என்று மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இந்த இரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்தே படிக்க வேண்டும். எவ்வளவு பெரியவர் தீட்டிய திட்டமானாலும், அது யாரைப் பற்றியதோ அவர்களைக் கேட்காமல் தீட்டப்பட்டால் எதிர்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நம் காலத்தில் இந்தத் திசையில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா' வகுப்பறையில் கேள்வி கேட்டு அடிபட்ட ஒரு மாணவியின் கதை. அடி வலிக்காமலிருக்க வழி தேடித் தன் உடம்பிலேயே மருந்து செலுத்திக்கொண்டு அவள் இறந்துபோகிறாள். அதைப் படித்த ஆசிரியர்கள் பலர் தம் கைப்பிரம்பைப் பற்றி முதன்முறையாக யோசித்தார்கள். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேசுகிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. தடை கையிலிருப்பதை அவிழ்க்கும். ஏன் கட்டினோம் என்று கேட்க வைப்பதற்குக் கதை வேண்டும்.

நம் நாட்டுக்கு வெளியேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் இருந்தார். வார்சாவில் தாம் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் மன்றத்தை ஏற்படுத்தினார். அவர் மேலேயே பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள், அவரும் போய் நின்றார். குழந்தை அரசன் ஒருவன் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் அமைத்துத் தடுமாறும் நாவலையும் 1923இல் எழுதினார். மக்களாட்சி தடுமாறும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காதது எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்காவுக்கு இழுத்துச் சென்றபோது அவர்களைப் பிரியாமல் உடன் சென்று உயிர்விட்டார்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே தமிழகத்துக்கு நினைவு வருவது விடுதியோடு கூடிய பள்ளிகள். பிள்ளைகளை விடியுமுன் எழுப்பி, இரவுவரை தேர்வுக்குத் தயார்படுத்தினோம். மாநில முதலிடப் பட்டியலை அரசு 2017இல் நிறுத்திய பிறகும் மனப்பாடம் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் கண்ணில் படுவதில்லை. பெருமாள்முருகனின் 'கூள மாதாரி'யில் வருகிற, பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கோ பள்ளியே இல்லை. அது பெரியவர்களுக்கான நாவல். ஆனால் நாம் யாருக்காகச் சிறார் நூல் எழுதுகிறோம் என்று உரைத்துப் பார்க்க அதைவிட நல்ல நூல் இந்த மண்ணில் இல்லை.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். இங்கே அமர்ந்திருக்கும், அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கும் நூல்களைப் பெரியவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வட்டாரத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைத் தேர்ந்து, அறக்கட்டளை நிதியில் வாங்கும் சிறார் நூல்களை மட்டுமாவது அவ்வூர்ப் பிள்ளைகளே கூடிப் பேசி, வாக்களித்து, தேர்ந்தெடுக்கட்டும். பேய்க்கதையைத் தேர்ந்தெடுத்தாலும் வாங்கிக் கொடுங்கள். ஒப்பாத பிள்ளை அடுத்த கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்லட்டும்.