தகரப் பெட்டியில் இருந்த கடிதம்



பத்மநாபபுரத்துக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சலில் சிறைப்பட்ட அந்த டச்சுக்காரரே பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். படைக்கு ஆள் அனுப்புவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. அனுப்பப்பட்டவர் நோயோடு திரும்பினால் என் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

என் பழைய மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் தகரப் பெட்டியிலிருந்து ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்து வந்தான். நோய் பணியால் வந்ததன்று. ஆகவே ஊனத்துக்கான ஓய்வூதியம் இல்லை என்பது அதன் சாரம். கிழவர் அதைக் கடவுள் கட்டளைபோல் ஏற்று மடித்து வைத்துவிட்டார்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கும் இவ்வாறே நேர்ந்தது. 1985-இல் படையில் சேர்ந்தபோது அவர் உடம்பில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை. 1994-இல் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பினார்கள். ஊனம் 20 விழுக்காடு. ஆயினும் அது உடற்கூற்றின் இயல்பால் வந்தது என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டு விதிகளையே எடுத்துப் படித்தது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியிலே உண்டானதாகவே கொள்ளப்படும். அன்று என்னும் மருத்துவக் குழு காரணம் எழுதவேண்டும். மெய்ப்பிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை என்றது. கவனியுங்கள்: அங்கே விதி மாறவில்லை, அதைப் படித்த முறையே மாறிற்று. பள்ளிக்கூடத்தில் நாமும் இப்பிழையைச் செய்கிறோம் அல்லவா?

விதி மாறியதும் உண்டு. 1996 முதல், 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 விழுக்காடாகக் கணக்கிடலாயினர். முதலில் நோயால் விலக்கப்பட்டவருக்கே அச்சலுகை. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவருக்கும் அது உண்டென 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகளோ அதற்கு முன் வெளியேறியவரைத் தொடா. ஆகவே, வெளியேறிய நாள் எது என்பதே முதற்கேள்வி.

தாமதத்துக்கும் விலை உண்டு. 1983-இல் விலக்கப்பட்ட தர்சேம் சிங் 1999-இல்தான் வழக்குத் தொடுத்தார். உரிமை கிடைத்தது, ஆயினும் பழைய பாக்கி, வழக்குக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கே என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஏனைய ஆண்டுகள் போயின. திருத்தத்தைச் சொல்ல ஒருவரும் வீடு தேடி வருவதில்லை என்பது என் வருத்தம்.

மாணவனை நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே முடியாவிடில் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மருத்துவக் குழுவின் தாளை முதலில் தேடச் சொன்னேன். பெட்டியில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அந்தத் தாள் மட்டும் பிழைத்திருந்தது.