அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை
(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



இதே கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான். இப்போது ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயற்பியலாளர். டாக்டர் இல்லை, கதிர் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்று கணக்குப் போடுகிறவன். "உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். பெண்கள் இருக்கிற சபையில் இதைப் பேசலாமா என்று முதலில் யோசித்தேன். நோயாளியின் தாயும் மனைவியும் அவர்கள்தானே, பேசத்தான் வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் 27 வயது இளைஞர் ஒருவர் வந்தார். மலக்குடலில் புற்று. ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 28 நாள், மொத்தம் 50.4 கிரே. மக்கள் பாஷையில் 'கரண்டு வைக்கிறது'. கடைசி நாள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "சார், எனக்குக் குழந்தை பிறக்குமில்ல?"

எனக்கு வாய் வரவில்லை. 28 நாளில் ஒருநாள்கூட நாங்கள் அதைப்பற்றி அவரிடம் பேசியதில்லை.

இடுப்புக்குள் வைக்கும் கதிர் விரைமேல் நேராக விழாது. ஆனால் சிதறும். நூற்றில் மூன்று பங்கு சிதறிப் போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 50 கிரேயில் 1.5 கிரே ஆகிவிட்டது. விந்தணு குறைய 0.15 கிரே போதும். 0.5 கிரே பட்டால் சில காலம் அடியோடு இல்லாமல் போகலாம். 2, 3 கிரே என்றால் திரும்பி வரச் சில வருடங்கள் ஆகும். அதற்கு மேல் போனால் வராமலே போகலாம். இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை: மற்ற உறுப்புகளுக்குக் கதிரைப் பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் சேதம் குறையும். விரைக்கு நேர்மாறு, பிரித்துக் கொடுத்தால் சேதம் அதிகம்!

ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இவ்வளவு மென்மையானவை அல்ல. மீசை, குரல் எல்லாம் அப்படியேதான் இருக்கும். உறவில் வரும் சிரமம் வேறு சங்கதி. அது நரம்பும் ரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டது. அதையும் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

தடுக்க வழி? சிப்பி மாதிரி இரண்டு மூடி கொண்ட ஈயக் கவசம் ஒன்று உண்டு. தினமும் ஒரே மாதிரி பொருத்தவேண்டும். ஈயத்திலிருந்தே எலெக்ட்ரான் சிதறும் என்பதால் உள்ளே உறை போடுவோம். இயந்திரத்திலிருந்து வரும் சிதறலை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் உடம்புக்குள்ளேயே சிதறி வருவதை என்ன செய்ய? கவசம் அளவைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. புற்று ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் கஷ்டம்.

அதனால்தான் கதிரோ கீமோவோ தொடங்குவதற்கு முன்பே விந்தணுவைச் சேமிக்கச் சொல்கிறோம். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், வருடக்கணக்கில் இருக்கும். இரண்டு மூன்று தடவை மாதிரி கொடுக்கச் சில நாள் போதும். எண்ணிக்கை குறைவு என்று கைவிட வேண்டாம். 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே ஓர் அணு போதும். வயதுக்கு வராத பையன்களுக்குத்தான் இது முடியாது. அவர்களுக்குத் திசுவை எடுத்து உறையவைப்பது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்து பல மாதங்களுக்கும் கருத்தடை அவசியம். எத்தனை மாதம் என்பதை டாக்டர் சொல்வார்.

இப்போது எங்கள் பாரத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டோம்: 'குழந்தை பற்றிப் பேசியாயிற்றா?' போன மாதம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். நாங்கள் பாரத்தை எடுப்பதற்குள் அவன் அம்மா கேட்டுவிட்டார். பையன்தான் வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. சபையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள்.