கட்டுரையை எங்கே தொடங்குவது?
(மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் “கடற்கரைக் காட்சி” என்னும் கட்டுரையை நாங்கள் எழுதினோம். கடலையே கண்டறியாத மலைநாட்டுப் பிள்ளைகளாகிய எங்களுக்கு, மனனஞ் செய்த முன்னுரையே துணை. இரண்டாம் பந்தியிற் பேனா நின்றுவிட்டது.

அன்று நாங்கள் அறியாததை மாத்தளை நகருக்கு அணித்தேயுள்ள அலுவிகாரை கற்பிக்கின்றது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டைச் சூழ்ந்தபோது, வாய்மொழியாகக் காத்துவந்த பாளித் திரிபிடகத்தைப் பிக்குகள் அங்கேதான் ஏட்டில் எழுதினர் என்பது மரபு. சொல்லவேண்டியது நெஞ்சில் நிறைந்திருந்தது. எழுத்தாணி பின்னரே வந்தது.

நீங்களும் அவ்வாறே தொடங்குங்கள். தலைப்பு “எங்கள் ஊர்த் திருவிழா” என்றால், மாசிமகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருவதை நினையுங்கள். கண்டது, கேட்டது, எண்ணியது என மூன்று குறிப்புகள் எழுதுங்கள். அவற்றுள் மிகத் தெளிவானதே முதல் வாக்கியம். “இவ்வுலகிலே” என்று தொடங்கவேண்டா. வடம் பிடித்துக் கன்றிய கையிலிருந்து தொடங்குங்கள்.

காணாத பொருள் தலைப்பாக வந்தால் என் செய்வது? “நான் இன்னும் கடலைக் கண்டதில்லை” என்றே தொடங்கலாம். அன்று நாங்கள் அவ்வளவு துணிந்திருந்தால், இரண்டாம் பந்தி தானே வந்திருக்கும்.