பேரண்டம் விரைகிறது!
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேலே எறிந்த கல் ஏறஏற விரைவு குறையும் என்பதைச் சிறுவரும் அறிவர். அக்கல் மேன்மேலும் விரைந்து வானேறினால் என்ன சொல்வோம்? கண்ணின் பிழையென்போம். 1998-இல் இரு அறிவியற் குழுவினர் அத்தகைய ஒன்றையே கண்டனர். அவர்கள் கண்டது கல்லையன்று, பேரண்டத்தை!

விண்மீன் திரள்கள் விலகிச் செல்கின்றன என்று 1929-இல் எட்வின் அப்புள் காட்டினார். அவை ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவ்விரிவு தளர்ந்து வரவேண்டும் என்பதே அறிஞர் பலரின் துணிபு. அத்தளர்ச்சியை அளக்கவே 1988-இல் தொடங்கிய பெர்ல்மட்டர் குழுவும், 1994-இல் தொடங்கிய சுமித்து குழுவும் முனைந்தன.

அளக்கக் கோல் வேண்டுமே! ஒரு விளக்கின் உண்மை ஒளி தெரிந்தால், அது மங்கித் தோன்றும் அளவைக்கொண்டு தொலைவைக் கணிக்கலாம். வானிலும் அத்தகு விளக்குண்டு. எரிந்தடங்கிய வெண்குறுமீன், துணைமீனின் பொருளைக் கவர்ந்து, ஞாயிற்றைப்போல் 1.4 மடங்கு நிறையை நெருங்குங்கால் வெடிக்கும். இரு வெண்குறுமீன்கள் இணைந்து வெடிப்பதும் உண்டென்பர். மிக்கொளிர்வது மெல்ல மங்கும். குறைந்தொளிர்வது விரைந்து மங்கும். இதனால் ஒளியளவைத் திருத்தமாக அறியலாம்.

வெண்குறுமீனின் நிறைக்கு எல்லையுண்டெனக் கணித்தவர் எவர்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 அகவைத் தமிழிளைஞர் சந்திரசேகர்! கணக்கைக் கப்பலிலேயே போட்டார். 1935-இல் இலண்டன் வானியலவையில் பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளினார். எள்ளல் மறைந்தது, கணக்கு நின்றது. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆய்வுக் குழுவினர் நிலவில்லா இரவில், சிலி நாட்டு மலைத் தொலைநோக்கியால் வானைப் படமெடுத்தனர். மூன்று கிழமை கழித்து அதே பகுதியை மீண்டும் எடுத்தனர். பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க, எஞ்சிய புள்ளியே புதுவெடிப்பு. அவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி அவ்வொளியைப் பகுத்துக் காட்டியது. எண்ணியதைவிட அவை மங்கலாயிருந்தன! அஃதாவது, கணித்ததினும் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு மிகுதொலைவில் இருந்தன. விரிவு தளரவில்லை, விரைகிறது!

இடையிலுள்ள விண்துகள் மறைத்ததோ? துகளாயின் ஒளி சிவந்திருக்க வேண்டும், அவ்வாறு சிவக்கவில்லை. அப்புள் விண்தொலைநோக்கி 2004-க்குள் கண்ட, இன்னும் தொலைவான வெடிப்புகளோ, துகட்கொள்கை சொன்னதைவிட ஒளிமிக்கிருந்தன. தொடக்கத்தில் விரிவு தளர்ந்தது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே விரையத் தொடங்கியது என்பது தெளிவாயிற்று.

அவ்வாறு தள்ளும் ஆற்றலுக்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயரிட்டனர். பேரண்டத்தின் உள்ளீட்டில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு. அதன் இயல்பை இன்றும் எவரும் அறியார். அரிசோனா மலையில் நிகழ்ந்த அளவீடுகளின் 2024, 2025-ஆம் ஆண்டு முடிவுகள், அவ்வாற்றல் மெலிந்து வருகிறதோ என்னும் ஐயத்தையும் எழுப்பியுள்ளன.

பெர்ல்மட்டர், சுமித்து, இரீசு மூவரும் 2011-இல் நோபல் பரிசு பெற்றனர். தாம் தேடியது கிட்டவில்லை. தாம் நம்பியதற்கு எதிரானது கிட்டியது. அதை மறைத்தாரல்லர், பிழை தம்மிடமோ என்று பன்முறை ஆய்ந்து, இல்லையென்று கண்டபின் உலகுக்கு உரைத்தனர். பேரறிஞர் எள்ளினும் கணக்கைக் கைவிடாமை ஒரு துணிவு. தம் கருத்தே பொய்ப்பினும் சான்றைக் கைவிடாமை அதனினும் பெருந்துணிவு. இவ்விரண்டும் நம் இளைஞர்க்கு வாய்ப்பதாக!