ஏடுகளை வாங்குமுன் பெட்டியைச் சோதிப்போம்



தோட்ட ஆவணங்களை மின்மயமாக்குவது குறித்துப் பேசக் கூடியிருக்கிறோம். ஸ்கேனர் பற்றியும் எழுத்துணரி பற்றியும் நண்பர்கள் விரிவாகப் பேசுவார்கள். படமெடுத்ததை எங்கே வைக்கப்போகிறோம், அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதே என் கவலை.

பேராக் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நம் சனங்கள் லயங்களைக் காலி செய்து ஈப்போ பக்கம் வந்தார்கள். கூடவே தகரப் பெட்டிகளும் வந்தன. பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, திருவிழா நோட்டீஸ், அபூர்வமாக ஒரு செக்ரோல் என்னும் சம்பளப் பதிவுப் புத்தகம். மழைக்கும் கரையானுக்கும் தப்பிய காகிதங்கள் அவை. படமெடுத்தாயிற்று என்று சொன்னதும் பல வீடுகளில் மூலத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஆகவே படத்தை நாம் இழந்தால் அது திருத்த முடியாத தவறாகிவிடும்.

சென்ற ஆண்டு இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து ஒரு சேமிப்புப் பெட்டியைச் சோதித்தேன். தலா 4 டெராபைட் கொண்ட எட்டு வன்தட்டுகள், ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும் ரெய்ட் 5 முறையில் கோத்தவை. பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் படங்களின் பிரதிகளை ஏற்றினோம். பெட்டி நிரம்பும் தறுவாயில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கினோம். மாலையில் இடி இடித்தால் ஈப்போவில் தானாகவே நடக்கக்கூடியதுதான் அது.

மறுபடி முடுக்கினோம். எட்டு விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், சில கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, அளவு சுழியம். சில கோப்புகள் பெயரை இழந்து, வெறும் எண்களாக லாஸ்ட் ஃபவுண்ட் அடைவில் கிடந்தன. ஒரு செக்ரோல் பக்கத்தில் மேலே பதினொரு பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். பிரதி என்று தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் இதுதான்: ‘எழுதியாயிற்று’ என்று கணினி சொல்லும்போது எழுத்து பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும். வன்தட்டும் தன் பங்குக்குக் கொஞ்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும். கோப்பு முறைமையின் குறிப்பேடு வழக்கமாகக் காப்பது தன் சொந்தக் கணக்கை மட்டுமே, உள்ளடக்கத்தை அல்ல. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் இப்படிச் சுழியமான கோப்புகள் பற்றி 2009இலேயே பெரும் விவாதம் நடந்தது. ரெய்ட் 5க்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு தட்டு போனால் மற்ற ஏழையும், 28 டெராபைட் முழுவதையும், பிழையின்றிப் படித்தாக வேண்டும். சாதாரண வன்தட்டுகளின் விவரத்தாளோ சுமார் 12 டெராபைட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரை வரலாம் என்கிறது.

இதற்கு வழி நம் செக்ரோலிலேயே இருக்கிறது. அதில் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், குறுக்கே ஒரு கூட்டல், நெடுக்கே ஒரு கூட்டல் போடுவார். இரண்டும் ஒத்துவராமல் சம்பளம் இல்லை. சன் நிறுவனம் 2005இல் மூலநிரலோடு வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு துண்டின் கூட்டலையும் வேறோர் இடத்தில் எழுதிவைத்து, படிக்கும்போதெல்லாம் ஒத்துப் பார்க்கும். நல்ல பிரதி இருந்தால் கெட்டதைத் தானே திருத்தும். நமக்கு வேண்டியது அத்தகைய முறைமை.

அதுவும் போதாது. 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் சுமார் 77 டெராபைட் அழிந்தது, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். எந்தத் தட்டும் பழுதாகவில்லை. காப்புப்பிரதி எடுக்கும் நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியதால், பழைய பதிவுக் கோப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. காக்க வந்த கையே அழித்தது.

எனவே இந்தக் கருத்தரங்கு ஒரு விதியை எழுத்தில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நிறையும் வரை எழுதி, மின்சாரத்தை வெட்டி, ஒரு தட்டை உருவி, வேறு ஊரில் இருக்கும் பிரதியிலிருந்து காலிப் பெட்டிக்கு எல்லாவற்றையும் மீட்டுக் காட்டாமல், எந்த வீட்டிலிருந்தும் ஒரு தாளைக்கூட வாங்கக் கூடாது.

இன்று மாலை நான்கு மணிக்கு, இதே மண்டபத்தில், புதிய பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கப்போகிறோம். ஏடு கொண்டுவந்திருக்கும் அம்மாமார்களும் ஐயாமார்களும் முன்வரிசையில் வந்து அமருங்கள். அதுவரை உங்கள் பெட்டிகள் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.